பெரியப்பாவுக்குக் கேட்கட்டும்

சேசு மரி சூசை துணை

கடத்தூர் போஸ்ட்,
தர்மபுரி ஜில்லா,
20-8-1973.

பிலாய் இரும்பாலையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு மதலேனம்மாள் வணங்கி எழுதியது. மாதா புண்ணியத்தில் நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். உலைச் சூட்டில் நிற்கிற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஆடியில் விதைத்த கடலை முளைத்துவிட்டது. தொப்பூர்ப் பக்கம் பெய்த மழை நமக்கு இல்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நான் உங்கள் அண்ணன் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டேன். தனியாக அடுப்பு வைத்துக்கொண்டேன். அவர் இதற்குள் உங்களுக்கு எழுதியிருப்பார். என் பக்கத்தையும் படியுங்கள்.

பொங்கலிலிருந்து நான் விடிவதற்கு முன்பே புளி உலுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பும் பொறுப்பை உங்கள் அண்ணனிடம்தான் விட்டிருந்தேன். மாசியில் ஒரு நாள் காய்ச்சல் அடித்து, பாதி வேலையில் திரும்பி வந்தேன். ஏரிக்கரையில் உங்கள் அண்ணனுடைய ஆடுகளை ஓட்டிக்கொண்டு நம் பாப்பா வேளாங்கண்ணி நின்றாள். காலில் செருப்பில்லை. கையில் கோல். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "பெரியப்பாதான் போவச் சொன்னாங்க, உன்கிட்ட சொன்னா கால ஒடச்சிடுவாங்களாம்" என்றாள். பொங்கல் கழிந்ததிலிருந்தே இப்படியாம்.

மறுநாள் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அங்கேதான் மற்றது தெரிந்தது. பிள்ளைக்குக் காக்காய் வலிப்பு, இனி வரமாட்டாள் என்று உங்கள் அண்ணன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆடு மேய்க்க ஆள் இல்லை என்பதற்காகப் பெண்பிள்ளையின் தலையில் வலிப்பு நோயை ஏற்றிவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் பக்கத்திலிருந்து ஏன் இழுத்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த நிமிடமே நினைத்துக்கொண்டேன், இந்த மனிதரை நான்கு பேர் நடுவில் தலைகுனிய வைக்காமல் விடமாட்டேன் என்று.

சென்னம்மாள் டீச்சர் நல்ல மாதிரி. அரூர்ப் பக்கத்துக்காரர். என்னை உட்காரவைத்துப் பேசினார். "எழுத்தெல்லாம் மறந்துட்டாம்மா. நான் ஒருத்தியா இங்க செஞ்சு தீராது, வூட்லயும் கை குடுக்கணும்" என்றார். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது, வேலை இருக்கிறது என்று நிறுத்தக் கூடாது, தப்பாகப் படித்தால் அடிக்கக் கூடாது என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "நீங்க சொல்லித் தர வேணாம். தெனமும் அவ படிக்கறத பக்கத்துல உக்காந்து கேளுங்க, போதும்" என்றார்.

கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் என்பதையும் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் வாசலுக்கு எதிரே இருக்கிற நம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, பாப்பாவைக் கரித்துண்டால் அதில் எழுதவைத்து, சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னேன். "இன்னும் பலமா, பெரியப்பாவுக்குக் கேக்கட்டும்" என்பேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து போனால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒரு சாயங்காலம் அவள் கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டாள். "அம்மா, நான் உனக்கு மட்டும் படிக்கட்டா? அவங்க மொறச்சிப் பாக்கறப்ப எனக்கு எழுத்தே தெரிய மாட்டேங்குது" என்றாள். டீச்சரும் அதே வாரம், வகுப்பில் வரவர வாய் திறக்கவே பயப்படுகிறாளே, வீட்டில் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். என் கோபத்தை நான் அவள் வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அன்றோடு உள்ளே வந்துவிட்டோம். அடுப்பில் களி வேகும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். நான் உம் கொட்டுகிறேன். சிரித்துச் சிரித்துப் படிக்கிறாள். மூணாவதுக்குப் பாஸாகிவிட்டாள்.

அதற்காக நான் உங்கள் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், மாதா திருவிழாவை முன்னின்று நடத்தும் தலைக்கட்டு யார் என்று பேச்சு வந்தது. ஊரார் உங்கள் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். பங்குச் சாமியாரும், "யாகப்பா, நீயே நின்னு நடத்து" என்றார். நான் எழுந்தேன். "சாமி, என் புள்ளைக்கு வலிப்புன்னு பொய் சொல்லி ஆடு மேய்க்க உட்டவருங்க இவரு. இவரு கையிலயா மாதா தேரு?" என்று கேட்டேன்.

சாமியார் பாப்பாவைக் கூப்பிட்டுத் தன் ஜெபப் புத்தகத்தைக் கொடுத்தார். நான் கண்ணாலும் ஜாடை காட்டவில்லை. அவளாகவே ஒரு பக்கம் முழுக்கத் திக்காமல் படித்தாள். குழாயடிப் பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். உங்கள் அண்ணன் தரையைப் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் நான் மாசியிலிருந்து காத்திருந்தேன். இனித்தது. பொய் சொல்லமாட்டேன், இன்றைக்கும் இனிக்கிறது. தலைக்கட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது. உங்கள் அண்ணி ராயம்மாள் அக்கா, குடும்ப மானத்தை வாங்கிவிட்டேன் என்று மண்ணை வாரித் தூற்றினார். தூற்றட்டும்.

ஆனால் வெளியே போகும்போது உங்கள் அண்ணன் திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார். "என்னய மட்டும் ஏம்மா கேக்கற? பொட்டப்புள்ள படிச்சது போதும், ஆட்டப் பாத்துக்கட்டும்னு என் தம்பி சவரிமுத்துதான் எனக்கு எழுதினான்" என்றார்.

நான் நேராகப் பீடத்துக்கு முன்னால் போய், என் வீட்டுக்காரர் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்று சத்தியம் செய்தேன். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் சத்தியம் செய்யும்போது என் முகத்தையே பார்த்தாள். நேற்றும் இன்றும் புத்தகத்தை எடுக்கவில்லை.

உங்களை நான் ஒன்றும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வாருங்கள், மாதா உங்களைக் காப்பாற்றட்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் அண்ணன் சொன்னதற்கு ஒரு பதில் போடுங்கள். எனக்கு வேண்டாம், வேளாங்கண்ணி பெயருக்கே போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தை இனி அவளேதான் படிப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
மதலேனம்மாள்