செல்லாமல் போன ஒரு வாக்கு

வெள்ளி, இரவு.

நான் இராமலிங்கம், கள்ளக்குறிச்சியில் வழக்கறிஞர். இந்த வாக்குமூலம் என் பார்வைக்கு மட்டும்.

திங்களன்று மைத்துனர் வீட்டுக்கு வந்தார். அவர் வெளிமாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர். "ராஜ்யசபா ஓட்டுச் சீட்ட வேற கட்சி ஏஜென்ட்டுகிட்ட காட்டினா இன்னா ஆவும், மாப்ள?" என்று கேட்டார். சொந்தக் கட்சி ஏஜென்ட்டுக்கு மட்டுமே காட்ட வேண்டும், வேறு யாருக்குக் காட்டினாலும் செல்லாது என்றேன்.

இன்று தேர்தல் நடந்து, முடிவும் வந்தது. அவர் வாக்கு அப்படித்தான் செல்லாமல் போனது. அந்த ஒரு வாக்கால் அவர் கட்சி ஓர் இடத்தை இழந்தது. மாநிலங்களவையில் சமமாக நின்ற இரு அணிகளில் எதிரணி முந்திவிட்டது.

மாலையில் தொலைபேசினார். "பதட்டத்துல காட்டிட்டேன். ரூல் தெரியாதுன்னு ஒரு அபிடவிட் எழுதிக்கினு வா. இல்லாட்டி கட்சியவுட்டுத் தூக்கிடுவானுங்க."

பதட்டப்படுகிறவர் நான்கு நாள் முன்பே விதியைக் கேட்பாரா? அந்தப் பொய்ப் பிரமாணப் பத்திரத்தை நான் எழுதப்போவதில்லை. அன்று காபி கொடுத்தபடி அருகில் நின்ற மனைவியிடம், அவர் கேட்டதை நினைவூட்டினேன். "எங்க அண்ணன் எப்போ கேட்டாரு? நான் அடுப்படில இருந்தேன்" என்றாள்.

ஒப்பம்: இராமலிங்கம்
சாட்சி: கோமதி, என் மனைவி. கையெழுத்திட மாட்டாள்.