இலோனாவின் மேசை

1998 பெப். 10, செவ்வாய்

பனி. முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு வடை சுட்டு எடுத்துக்கொண்டு பேத்தி துசியின் பள்ளிக்கூடம் போனேன்.

இன்று ரோமா ஆட்களைப் பற்றிப் பாடம். துசியின் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது, இலோனா. செக் நாட்டிலிருந்து அகதியாக வந்த ரோமாக் குடும்பம். எங்கள் கட்டிடம்தான், ஏழாம் மாடி. ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. அவர்களுடைய பாட்டு, கொடி, கதை எல்லாம் படிப்பித்தால் பிள்ளை ஒழுங்காக வரும் என்று வாத்தியாரின் எண்ணம். நல்ல எண்ணம்.

வாத்தியார் இலோனாவின் மேசையில் ஏறியிருந்து, காலை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. கோட்டும் போடாமல் வெளியே ஓட்டம். ஒருவருக்கும் விளங்கவில்லை.

வடை மிச்சமில்லை.

பெப். 12, வியாழன்

இலோனா நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

பின்னேரம் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறை. இலோனாவும் தாயும் அங்கே. மார்கழியில் நான் உடுப்பெல்லாம் ஒன்றாக மெஷினுக்குள் போட்டதைப் பார்த்து முகம் சுளித்து, தன் உடுப்பை அள்ளிக்கொண்டு போனவள் இந்தத் தாய்தான். அன்று நீலச் சட்டை போட்டிருந்தாள். மறக்கவில்லை.

பிள்ளை ஏன் ஓடியது என்று துசியைக் கேட்கச் சொன்னேன். தாய் படபடவென்று தங்கள் பாஷையில் சொல்ல, இலோனா இங்கிலீசில் சொல்ல, துசி எனக்கு:

"இடுப்புக்குக் கீழை எல்லாம் அவைக்குத் துடக்கு, தீட்டு மாதிரியாம், அம்மம்மா. சாப்பிடுற மேசையிலை ஆரும் ஏறியிருந்தா, பிறகு அதிலை சாப்பிடமாட்டினமாம். உடுப்பும் மேலுக்கு வேறை, கீழுக்கு வேறையாத்தான் தோய்ப்பினமாம்."

பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடுவது வகுப்பு மேசையில்.

"அப்ப இவள் அங்கை சாப்பிடுறேல்லையோ?"

துசி நிலத்தைப் பார்த்தாள். "நாங்கள் பகிடிக்கு... ஜஸ்ட் ஃபோர் ஃபன். அவள் லஞ்ச் பொக்ஸ் எடுக்கேக்கை ஓடிப்போய் அவளின்ரை மேசையிலை இருப்பம். பிறகு மூடி வைச்சிடுவாள்."

"நீயுமோ?"

"எல்லாரும்தான்."

கதிரையைப் பிடித்து இருந்தேன்.

ஊரில் எனக்கு வாத்தியார் சொன்னது: "உங்கடை ஆக்கள் நிலத்திலை இருங்கோ." மற்றவர்களுக்கு உட்கார வாங்குப் பலகை. இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முன்வாங்கில் இருந்து சிரித்த பெட்டையின் பெயர், பல் இடைவெளி, சிவப்பு ரிப்பன், எல்லாம் இன்றைக்கும் கண்ணுக்குள். அந்த இடத்தில் இப்போது துசி. என் பேத்தி.

பெப். 13, வெள்ளி

வாத்தியாரிடம் எல்லாவற்றையும் நீதான் சொல்ல வேண்டும் என்று துசியிடம் சொன்னேன்.

"நான் சொல்லமாட்டன். என்னைப் பகிடி பண்ணுவினம்."

"பண்ணட்டும். வா."

வாத்தியார் மரியாதையாக எனக்குக் கதிரை போட்டார். தான் ஏறியிருந்தது திரும்பவும் அதே மேசையில்.

"எழும்பச் சொல்லு."

"அம்மம்மா, அவர் ரீச்சர்!"

"சொல்லடி."

சொன்னாள். எல்லாம். தான் செய்ததையும். வாத்தியார் துள்ளி எழும்பினார், காது இரண்டும் சிவப்பு. இலோனாவுக்கு வேறு மேசை வந்தது. இனி எந்த மேசையிலும் ஒருவரும் ஏறக் கூடாதாம், அவரும்தான்.

ஏழாம் மாடிக்கும் துசியே போய்ச் சொன்னாள். நான் கதவுக்கு வெளியே.

பெப். 16, திங்கள்

குளிர் கூடிவிட்டது. காலையில் லிஃப்ட் திறக்க, இலோனாவும் தாயும். பிள்ளையிடம் புத்தகப்பை, சாப்பாட்டுப் பெட்டி. தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மார்கழி மார்கழிதான்.

பின்னேரம் துசி சப்பாத்துக் கழற்ற முன்னமே கேட்டேன்.

"சாப்பிட்டவளோ?"

"பாதி. என்னையே பாத்துப் பாத்துத்தான் சாப்பிட்டவள்."