முழங்கால் வலி என்று சொன்னேன்

செப்டம்பர் 4, வியாழன்

குவின்டர் வாத்தியார் படிப்பு முடித்துவிட்டாள். டிசம்பர் ஐந்தாம் தேதி கிசுமு நகரத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடை ஏறப்போகிறாள். அடுத்தவன் ஃபெலிக்ஸ் லாரி ஓட்டும் உரிமம் வாங்கிவிட்டான், முதல் தடவையிலேயே. சைலஸ் பள்ளிக்கூட அணியில் கோல் காக்கிறான். போன மாதம் ஒரு ஆட்டம் முழுக்க ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. கடைக்குட்டி அஜ்வாங், ஆறு வயது, சர்ச்சில் ஒரு சங்கீதத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். நால்வரும் என் மகள் ரோஸ்லின் பெற்றவர்கள். பெயருக்கு அப்பா வம்சம். மூளை எங்கள் பக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் வயிற்றிலிருந்து கிளைத்தவர்கள்.

அந்த வயிற்றில்தான் ஜூன் மாதம் கட்டி என்று சொல்லி அறுத்தார்கள். இப்போது இடது பக்கம் ஒரு திறப்பு, அதன் மேல் ஒட்டிய பை. வெளிக்குப் போவதெல்லாம் அதில்தான். ரோஸ்லினுக்குத் தெரியும். வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை.

குவின்டர் போனில் சொன்னாள், விழாவில் நான் அவள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கணுமாம். முகத்தை மட்டும் எடுக்கச் சொல் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அறுத்த ஆஸ்பத்திரியில் தந்து அனுப்பியதில் இன்னும் ஒன்பது பை இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

பெண்கள் குழுக் கூட்டம். போகவில்லை. மூன்று மாதமாகப் போகவில்லை.

ரோஸ்லின் கூப்பிட்டாள். அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் என்னைப் போன்றவர்களைப் பார்க்கிறார்களாம். பேர் பதிந்தால் மாதாமாதம் பை சும்மாவே தருகிறார்களாம். ஊர் அதிகாரியிடம் ஒரு தாள் வாங்கி வரவேண்டும். இன்ன குறை, வாங்க வசதி இல்லாதவர் என்று எழுதி முத்திரை. ஆபரேஷனைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. கடையில் பை வாங்கினால் ஒரு பைக்கு ஒரு கோழி போகும்.

நல்ல செய்திதான். ஆனால் வியாழக்கிழமை அந்த அறையில் இருக்கிற நர்ஸ் யார்? மாப்பிள்ளை. ரோஸ்லினின் புருஷன் டோபியாஸ்.

"அம்மா, அது அவர் வேலை. வாரா வாரம் இருபது பேர் வயித்தப் பாக்குறாரு" என்கிறாள்.

இருபது பேரும் அவருக்கு மாமியாரா? மாமியாரும் மாப்பிள்ளையும் விலகியே இருப்பது எங்கள் முறை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். என் வாய் மெல்லுவதை அவர் பார்த்ததில்லை. அவர் வீட்டுக் கூரையின் கீழ் நான் ஒரு இரவு படுத்ததில்லை. கை கொடுத்ததில்லை. வழியில் எதிரே வந்தால் அவர் ஒரு பக்கம் ஒதுங்குவார், நான் ஒரு பக்கம் ஒதுங்குவேன், நடுவில் ஆடு போகும். அவர் முன்னால் துணியை விலக்குவேனா? செத்தாலும் மாட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சர்ச்சில் எல்லோரும் தலை குனிந்து அமைதியாக இருந்த நேரம். என் வயிறு பேசியது. பின்னால் இருந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது. அடக்க முடியாது, அதற்குக் கதவு கிடையாது. ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா தொடையில் கிள்ளினாள்.

இனி வீட்டிலேயே ஜெபம்.

செப்டம்பர் 30

பையைக் கழுவிக் காயவைத்து மறுபடி ஒட்டுகிறேன். கொடியில் போட முடியுமா? கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டியிருக்கிறேன். மூன்றாம் தடவை ஒட்டாது. தோல் வெந்துவிட்டது, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி.

அக்டோபர் 7

பிளாஸ்டிக் பையை அரசாங்கம் தடை பண்ணி வருஷக்கணக்காகிறது. எங்கே போய்க் கேட்பேன்? ரொட்டி சுற்றி வருகிற உறையைத் துணி நாடாவால் கட்டிப் பார்த்தேன். அதற்காக ஒரு வாரத்தில் நாலு ரொட்டி வாங்கினேன். கடைக்காரன், வீட்டில் விருந்தாளியா என்கிறான்.

கிணற்றடி போய் வருவதற்குள் கட்டு நழுவிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். என்ன பொழப்பு இது — பேத்தி அங்கி போடுற அன்னிக்கு நான் ரொட்டி உறையைக் கட்டிக்கிட்டு நிக்கவா? பஸ்ஸில் மூணு மணி நேரம்?

போகப்போவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். குவின்டர் போன் பண்ணினாள். வராவிட்டால் அவளும் மேடை ஏற மாட்டாளாம். பிடிவாதமும் எங்கள் பக்கம்தான்.

இன்று ஊர் அதிகாரி அலுவலகம் போனேன். தாளை வாங்கிவிட்டால் பைகளை ரோஸ்லின் எடுத்து வரட்டும், நான் அந்த அறைக்கே போகவேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வராந்தாவில் பதினைந்து பேர். அதிகாரி சின்னப் பையன், சத்தமாகத்தான் பேசுவான்.

"அம்மா, நடந்துதானே வந்தீங்க. என்ன குறை உங்களுக்கு?"

பதினைந்து பேரும் திரும்பினார்கள். அதில் மூன்று பேர் மாப்பிள்ளையின் ஊர்க்காரர்கள்.

"முழங்கால்" என்றேன்.

எழுதி முத்திரை குத்தினான். ஆஸ்பத்திரிக்கு அவனே அனுப்பிவிடுவானாம்.

பொய் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

அக்டோபர் 24

இரண்டு ஊன்றுகோல் வந்திருக்கிறது.

அக்டோபர் 25, சனி

ஊன்றுகோலைக் கொண்டுவந்தது யூனியா. அடுத்த வீடு, குழுவின் பொருளாளர், நாக்கு கத்தி. நேற்று ஊர்க்கூட்டத்தில் என் பேரைப் படித்துக் கொடுத்தார்களாம். வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று கூட்டம் முடிந்து நேரே வந்து வாசலில் நின்றாள்.

நான் உகென்யாவிலிருந்து இங்கே வாழ வந்தவள், அதனால் எனக்கு அந்த ஊர்ப் பேர்தான். "உகென்யாக்காரி, எந்தக் கால்டி உனக்கு?" என்றாள்.

இடது என்றேன்.

"நேத்து வலதுன்னு சொன்னே. முந்தாநாள் தண்ணிக் குடத்தோட ஓடினே, நான் பாத்தேன்."

அவளை உள்ளே இழுத்தேன். கதவைச் சாத்தினேன். என்ன நினைத்தேனோ, சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டேன். ரொட்டி உறை, துணி நாடா, வெந்த தோல், எல்லாம்.

ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவுதானா? எப்பவும் கதவச் சாத்திக்கிட்டு, ஏதோ நாத்தம் வேற... நீ திருட்டுச் சாராயம் காச்சுறேன்னுல்ல நான் நெனச்சேன். எனக்கு ஒரு பாட்டில் தரலயேன்னு கோவமா இருந்தேன்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்தால் பை கழன்றுவிடும் என்று சொன்னேன், இன்னும் சிரித்தாள். பிறகு அவளே வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாள். என் அம்மாவுக்குப் பிறகு என் வயிற்றை இப்படி யாரும் தொட்டதில்லை.

நவம்பர் 1, சனி

கூட்டத்துக்குப் போனேன். குழு விதிப்படி உதவிப் பணம் சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும். விதியில் என் வியாதி இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். யூனியா எழுந்து நின்றாள். "அப்ப இவ செத்துட்டு வரட்டும், குடுத்துருவோம்" என்றாள்.

குழுச் சீட்டுப் பணம் வாங்கும் என் முறை மார்ச் மாதம் வரவேண்டியது. அதை இந்த மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரி போய்வரும் பஸ் செலவு குழுவுடையது. கேட்காமலே கொடுத்தார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5

ஊர் அதிகாரியிடம் மறுபடி போனேன். ஊன்றுகோலை மேசை மேல் வைத்தேன். வராந்தா நிறைய ஆள். "முழங்கால் நல்லா இருக்கு. எனக்கு வயித்துல பை. எழுதிக்கோ" என்றேன்.

எழுதினான். இந்தத் தடவை மெதுவாக முத்திரை குத்தினான், பாவம்.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு யூனியா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், ஓடிவிடுவேன் என்று. ஓடத்தான் நினைத்தேன். பெஞ்சில் எங்கள் முறை வந்ததும் கதவு திறந்தது. மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டார். நான் சுவரில் போட்டேன். ஆடு ஒன்றுதான் குறை.

அவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வேலியைப் பார்த்து, முதுகை எங்களுக்குக் காட்டி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். திரை போட்டிருந்தது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது, என்னிடம் இல்லை, யூனியாவிடம்.

"மேசை மேல ஓட்டை போட்ட அட்டை இருக்கு பாருங்க. உள்ள இருக்கிற அத்தையோட திறப்புக்கு எது சரியா உக்காருதோ அந்த அளவுக்குப் பையை வெட்டுங்க. பெருசா வெட்டாதீங்க, தோல் வெந்துரும்."

"வெந்துதான் கெடக்கு" என்றாள் யூனியா.

அப்படியானால் நீல மூடி டப்பாவில் பொடி இருக்கிறது, தூவித் தட்டிவிட்டு ஒட்டச் சொன்னார். கையால் அழுத்திச் சூடு ஏற்றச் சொன்னார். நாற்றம் குறைய எதைக் குறைத்துச் சாப்பிடவேண்டும், நிலக்கடலையை ஏன் நன்றாக மெல்லவேண்டும், எல்லாம் வேலியிடமே சொன்னார். வெளியே காத்திருந்த கூட்டமும் கேட்டுக்கொண்டது.

பக்கத்து அறையில் என்னைப் போன்றவர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தையல்காரர் இருக்கிறார், அவருக்கும் பை. பையைத் தாங்குகிற துணிப் பட்டை தைத்துத் தருகிறார். எனக்குப் பூப்போட்ட துணியில் கிடைத்தது.

ஒரு மாதத்துக்கான பைகளைக் கட்டி யூனியாவிடம் நீட்டினார் மாப்பிள்ளை. அப்போதும் முகம் வேலிப் பக்கம். "முழங்கால்னு தாள் வந்தப்பவே அத்தை பேரைப் பாத்தேன். ரோஸ்லின் ஜூன்லயே சொல்லிட்டா. கேக்க எனக்கு வாய் வரல. ஊன்றுகோலாவது போகட்டும், அது வந்தா அத்தைக்குக் கோவம் வரும், கோவம் வந்தா கெளம்பி வருவாங்கன்னு நெனச்சேன்."

மூளை எங்கள் பக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச். வயிறு பேசியது. யூனியா பெரிதாக இருமினாள். மூன்று தடவை. பாதிரியார் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

டிசம்பர் 6, சனி

நேற்றையது.

பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. குவின்டரின் பேரைக் கூப்பிட்டபோது நான் குலவையிட்டேன், மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆடினேன். யார் ஆடமாட்டார்கள்? ஆடியதில் பட்டை நழுவிவிட்டது. இடது பக்கம் சூடாக இறங்குவது தெரிந்தது. மஞ்சள் உடுப்பு. குனிந்து பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

கூட்டத்துக்கு நடுவில் நான். யூனியா ஊரில். ரோஸ்லின் மேடைப் பக்கம். அப்படியே நின்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னால் யாரோ நடந்து வந்தது தெரிந்தது. திரும்பினால், மாப்பிள்ளையின் முதுகு. திரும்பி நின்று, பின்பக்கமாகவே நாலு அடி நடந்து வந்து, கழற்றிய கோட்டைத் தோளுக்கு மேலால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் யாருக்காகக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றே தெரியாது.

வாங்கி இடுப்பில் சுற்றிக் கட்டினேன். அவர் அப்படியே முன்பக்கமாக நடந்து போய்விட்டார். ரோஸ்லினை அனுப்பினார். கழுவும் அறையில், என் கைப்பையில் இருந்த புதுப் பையை நானே வெட்டினேன், நானே ஒட்டினேன்.

வெளியே வந்தால் போட்டோக்காரர். குவின்டர் என்னை நடுவில் இழுத்தாள். ரோஸ்லின், ஃபெலிக்ஸ், சைலஸ், அஜ்வாங். அந்தக் கடைசியில், எங்களை விட்டு இரண்டு ஆள் இடம் தள்ளி, கோட் இல்லாமல் மாப்பிள்ளை. முகத்தை மட்டும் எடுக்கச் சொல்லவா பாட்டி என்று கேட்டாள் குவின்டர்.

வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

ஆஸ்பத்திரி. புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், முப்பது வயதிருக்கும், மாப்பிள்ளையைக் கண்டதும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். உள்ளே நான் போனேன். அட்டையை எடுத்தேன், அளவு பார்த்தேன். "எனக்கும்தாம்மா" என்று என் பூப்போட்ட பட்டையைக் காட்டினேன். பிடியை விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வேலி எல்லாம் கேட்டுக்கொண்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

குவின்டருக்கு எழுதவேண்டியது, மறப்பதற்கு முன்:

அந்தப் போட்டோவை அச்சடித்துத் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், போன் சுவரில் நிற்காது. ஓரத்தை வெட்டிவிடாதே, உன் அப்பாவும் இருக்கவேண்டும். இடுப்போடு வெட்டவேண்டாம். தலை முதல் செருப்பு வரை வேண்டும். கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன், உங்கள் அம்மா வரும்போது கொடுத்துவிடுகிறேன். போட்டோவை மட்டும் சீக்கிரம் அனுப்பு. யூனியா நான் ஆடியதை நம்பமாட்டேன் என்கிறாள்.