பட்டியலில் இல்லாத பெயர்

ஓஹையோ,
நவம்பர் 9

அன்பு மகள் டார்லாவுக்கு,

அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. அப்பாவுக்கு லேசான சுளுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய், கூரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆறு வாரமாகப் படுக்கைதான், தூக்கி உட்கார வைப்பது துடைப்பது எல்லாம் நான் ஒருத்தி.

இந்த லட்சணத்தில் எனக்குப் பொறாமை வேறு. எதிர்வீட்டில் ஹோண்டுராஸ்காரி யெசேனியா இருக்கிறாளே, கோழித் தொழிற்சாலையில் வேலை, போன மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாள். தேவாலயத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், கையில் கொடி, கேக் வேறு. நானும் தட்டினேன், வயிறு எரிய எரிய. என் தாத்தா இந்த நாட்டுக்காகப் போருக்குப் போனவர், உன் அப்பா முப்பத்தொரு வருடம் காகித ஆலையில் உழைத்தவர், எங்களை அமெரிக்கர் என்று கொண்டாடி யார் கேக் வெட்டினார்கள் சொல்.

அவள் பிரசவத்தின்போதும் மூன்று வாரம் ஊரே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. யார் வீட்டுக்கு யார் என்றைக்குச் சமைத்துக் கொடுப்பது என்ற தேவாலயச் சாப்பாட்டுப் பட்டியலை இருபது வருடமாக எழுதுகிறவள் நான். கூச்சமே இல்லாமல் வந்து, "நாடின் அக்கா, அடுப்புகிட்ட நிக்க முடியல, என் பேரையும் எழுதிக்கோங்க" என்றாள். நானோ, அப்பா விழுந்தபோது விசாரிக்க வந்த பாஸ்டரை, "நாங்க நல்லாத்தான் இருக்கோம், கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டு, அதன்பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று ஊரையே வைதுகொண்டிருந்தேன்.

நேற்று அவள் வந்தாள், குழந்தையைக் கீழே விட்டுவிட்டு அப்பாவை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள், பிறகு, "பட்டியல் உங்க கைலதான இருக்கு, உங்க பேரு எங்கக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது, "அது இல்லாதவங்களுக்கு" என்றேன். அவள் சிரித்தாள். "அப்ப நான் இல்லாதவளா? நான் இந்த ஊர்க்காரின்னு நெனச்சுல்ல கேட்டேன்" என்றாள். அவள் போனதும் நம் பெயரை எழுதினேன். பொறாமை மட்டும் போகவில்லை, வந்து பத்து வருடத்தில் அவளுக்கு உதவி கேட்க வருகிறது, இங்கேயே பிறந்த எனக்கு அறுபத்திரண்டு வயதாகியும் வரவில்லை.

காது மூடாமல் வெளியே போகாதே. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் துணை. மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா. ஒரு வாரமாவது இரு. அம்மாவால் முடியவில்லை.

உன் அம்மா,
நாடின்