டோக்கன் எடுத்துக் காத்திருந்தவர்

மார்ச் 3, திங்கள்

எங்கள் பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்தில் பணிப்பற்றுப் பயிற்சி வகுப்பு. வகுப்பெடுக்க வந்தவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மனம் ஓய்வூதியத்திலாம், பெண்களுக்கு வீட்டிலாம். நான் இரண்டிலும் அடக்கம். பக்கத்து கவுண்டர் பெண் காதைக் கடித்தாள்: "அக்கா, அப்போ உங்க மனசு ஆபீஸ்ல இல்லவே இல்லையா?"

மதியம் மேலதிகாரி கூப்பிட்டார். விருப்ப ஓய்வு வேண்டுமென்றால் வெள்ளிக்குள் எழுதித் தர வேண்டுமாம். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேம்மா." என் நல்லது இவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடேன். நாள் பூரா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்." ரிட்டயர் ஆனதிலிருந்து அப்படித்தான். பாவம் மனுஷன்.

மார்ச் 4

விருப்ப ஓய்வுக் கடிதம் இன்னும் எழுதவில்லை.

மார்ச் 5, புதன்

கடிதத்தை எழுதி, அவரிடம் காட்டிவிட்டுக் கைப்பையில் வைத்துவிட்டேன். அவரை இன்னும் எத்தனை நாள் தனியாக விடுவது? ஆனால் பிறப்புப் பதிவில் பெயரை எழுதி முடித்ததும், கைக்குழந்தையை அந்தப் பெயரால் ஒரு தடவை கூப்பிடுவேனே — அதை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 6, வியாழன்

மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். பக்கத்து கவுண்டர் பெண் படித்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். தலை நிமிர நேரமில்லை. "அடுத்து" என்றேன். மேசைமேல் என் கண்ணாடிக் கூடு வந்தது. பார்த்தால் இவர், கையில் டோக்கனோடு.

"நேரா வந்து குடுக்க வேண்டியதுதானே?"

"எல்லாரும் வரிசைல இருக்காங்களே. ஒரு மணி நேரமா உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

நான் எழுத்துத் தெரியாமல் தவிக்க, இவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிசையில்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

இரவு சாப்பிடும்போது சொன்னார்: "குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பாரு, அந்த முகத்தை நான் வீட்ல பார்த்ததே இல்ல. அந்தக் கடிதாசியைக் குடுக்காதே."

"நீங்க தனியா?"

"அது என் பாடு. சாப்பிடு."

அழுதுவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

"யோசிச்சீங்களாம்மா?" என்றார் மேலதிகாரி. "யோசிச்சுட்டேன் சார். இருக்கேன்" என்றேன்.

மார்ச் 12, புதன்

இன்று எதையும் மறக்கவில்லை. இருந்தும் இவர் பத்து மணிக்கெல்லாம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தோடு திணறுகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பேனா.

"யாரும்மா அது?" என்றார் மேலதிகாரி.

"எங்க வீட்டுக்காரர் சார். அறுபதைத் தாண்டியாச்சு. பணிப்பற்றைப் பாருங்க."

மதியம் ஒரே டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிட்டோம், பாதி வயிறுதான் நிறைந்தது. நாளையிலிருந்து இரண்டு டப்பா. அவரே கட்டுகிறாராம்.