கோட்டுப் பையில இருக்கிற தோட்டா

ஆரின்,

மாட்டுக்குப் புல் போட்டுட்டு வந்ததும் முதல்ல உன் கோட்டுப் பையில இருக்கிற தோட்டாவையெல்லாம் மேஜையில கொட்டு. ஒண்ணைக்கூட நம்ம லோட்டியோட துப்பாக்கியில போடாதே.

மான் வேட்டையில சுடறப்ப துப்பாக்கி அவ தோள்ல உதைக்கக் கூடாதுன்னுதான், இலேசான குண்டு வச்சு அந்தத் தோட்டாவை நானே அடைச்சேன். வெடிமருந்து அளந்து போடறப்ப ஷெட்டுக்குள்ள வந்து, "இந்தக் கொசுக் குண்டு மானுக்குச் சொறிஞ்சுதான் விடும்"னு கத்தினே. கத்திட்டு நீயே ஒரு கை அள்ளிக்கிட்டே. பதிலுக்கு நானும் கத்தினதுல, ஏதோ ஒரு தோட்டாவுல ரெண்டு தடவை மருந்து போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. வெடிச்சா நம்ம பொண்ணு மூஞ்சியிலதான்.

ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்து எல்லாத்தையும் பிரிச்சுடறேன். எல்க் மான் கறி சூப் அடுப்புல இருக்கு.

மெர்னா

லோட்டிக்குக் கடையில வாங்கின கனமான குண்டுத் தோட்டாவையே குடு. நீ ஜெயிச்சதா நினைச்சுக்காதே.

துப்பாக்கியோட போல்ட்டைக் கழட்டி ஒளிச்சு வச்சிருக்கேன், அது இல்லாம சுட முடியாது. பையைக் காலி பண்ணினாத்தான் எங்கேன்னு லோட்டி சொல்லுவா.