நீங்கள் காற்றைத்தான் பார்த்தீர்கள்

என் பிரியமுள்ள அத்தைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. மந்தைவெளியில் நம் தெருவை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிடுகிறார்கள். மற்றபடி பெரிதாக ஒன்றும் மாறவில்லை. விமானம் ஓட்டிய பெண் என்றால் உடனே, "குழந்தையை யார் பார்த்துக்கிட்டா?" என்று கேட்பதும் மாறவில்லை.

உங்கள் புத்தகத்துக்கு மறுபதிப்பு வருகிறது. தி. நகரிலிருந்து பதிப்பாசிரியர், திருத்திய பிரதியோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். என் காபியைப் பாராட்டிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார்.

நடுவானில் என்ஜின் நின்றுபோன அத்தியாயம் இருக்கிறதே, அதில் "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். காற்றுக்கு எதிராக இறங்கினால்தான் விமானம் வேகம் குறைந்து தரையைத் தொடும் என்று எனக்கே பாடம் நடத்தியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, "என் ஆறு வயது மகனின் முகம் கண்முன் வந்தது" என்று எழுதி வைத்திருக்கிறார்!

"படிக்கிறவங்களுக்கு கனெக்ட் ஆகணும் மேடம். ஒரு தாய்க்கு அந்த நேரத்துல வேற என்ன தோணும்?"

"ஆம்பளை பைலட் எழுதினா இப்படிச் சேர்ப்பீங்களா சார்?" என்றேன்.

என் கோபம் அவர்மேல் மட்டுமில்லை. புத்தகத்தின் உரிமை உங்கள் மகன், என் வீட்டுக்காரர் பேரில். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். "இருந்துட்டுப் போகட்டுமே அமுதா, நல்லாத்தானே இருக்கு" என்றார். அறுபதைத் தாண்டிய மனிதர், அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். இந்த ஒரு வரிக்காகவா இத்தனை வருடம் ஏங்கினார்? உங்களுக்கு இது தெரியுமா அத்தை?

ஆனாலும் நான் விடவில்லை. நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். இதே இடத்தில் கையை நிறுத்தி, "பையன் ஞாபகம் வரலையா அத்தை?" என்று நானும்தான் கேட்டேன். அன்று நீங்கள் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர்கள் இருவருக்கும் சத்தமாகவே சொன்னேன்.

"ஞாபகம் வந்திருந்தா, அவன் தாயில்லாப் பிள்ளையா வளர்ந்திருப்பாம்மா."

உங்கள் மகன் பேனாவை வாங்கி, தன் முகம் இருந்த வரியைத் தானே அடித்தார். "அம்மா எழுதினபடியே போடுங்க சார்" என்றார். எழுந்துபோய்ப் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

பதிப்பாசிரியர் யோசித்துச் சொல்கிறாராம். தாராளமாக யோசிக்கட்டும். நீங்கள் நல்ல தாய் என்று நிரூபிக்க எவருடைய பொய்யும் வேண்டாம். அன்று சாயங்காலம் உயிரோடு வீடு திரும்பினீர்கள், அது போதும். காற்றைப் பார்த்த அந்த வரி வந்தால்தான் புத்தகம் வரும். அவர் போடாவிட்டால் நானே அச்சடிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஓர் எழுத்தையும் தொடவிடாத
உங்கள் மருமகள்,
அமுதா